பத்தடிக்கு எட்டடி

தக்கலை
18-11-1952

அன்புள்ள அத்தானுக்குப் பூங்கனி எழுதுவது. தேவ கிருபையால் நானும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் பத்திரமாக வந்து சேர்ந்தோம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் எழுதினால் படிக்காமல் மடித்துவிடுவீர்கள்.

எழும்பூரில் நீங்கள் துணை சேர்த்துவிட்ட குடும்பம் நல்ல மனுஷர்கள். திருநெல்வேலியில் என்னை பஸ் ஏற்றிவிட்டுத்தான் போனார்கள். ஆரல்வாய்மொழி தாண்டிக் காற்று முகத்தில் அடித்த பிறகுதான் எனக்குத் தலைசுற்றல் நின்றது. தம்பி செல்வதாஸ் நாகர்கோவிலுக்கே வந்திருந்தான்.

வாசலில் என்னைப் பார்த்ததும் அம்மா, "ஏட்டி, பட்டணத்துல அரிசி கெடைக்காதா? இப்பிடி ஒணங்கிப்போயி வந்து நிக்கியே!" என்று கன்னத்தைத் தடவி அழுதாள். அப்பா கருப்பட்டிக் காப்பி கொண்டுவரச் சொன்னார்.

அக்கம்பக்கத்தார் பட்டணத்துக் கதை கேட்க வருகிறார்கள். திருவல்லிக்கேணியில் நம் அறை பத்தடிக்கு எட்டடி என்றேன். பக்கத்து வீட்டுத் தாணம்மாள் மாமி, "அது கோழிக்கூடுல்லா மக்கா!" என்றாள். வாழை இலைக்கும் கறிவேப்பிலைக்கும் காசு கொடுத்தோம் என்றால் நான் கதை விடுகிறேன் என்று சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். எனக்கு இங்கே இத்தனை பெரிய வீட்டில் மூச்சு முட்டுகிறது. அங்கே அடுப்படியில் இருந்தபடியே கையை நீட்டினால் உங்களுக்குத் தண்ணீர்ச் செம்பு எட்டும். கால் நீட்ட இடமில்லை என்று எட்டு மாதம் உங்களோடு சண்டை போட்டவளும் நான்தான். இப்போது கால் நீட்டிப் படுத்துக்கொண்டு அந்த அறையை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனதும் வந்துவிடுவேன். பக்கத்து அறை ஓமனா அக்காவிடம் சொல்லியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குழம்பு உங்களுக்கு வரும். வெட்கப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
பூங்கனி

*

சென்னை
29-11-1952

பிரியமுள்ள பூங்கனிக்கு ஆபேல் எழுதுவது. நான் சுகம். மாமா, மாமி, செல்வதாஸ் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல். சாப்பாட்டு உத்தரவை முதல் வரியிலேயே படித்துவிட்டேன். இதை எழுதும்போது வயிறு நிறைந்திருக்கிறது, நம்பு.

விடியற்காலையில் குழாயடியில் இப்போது நான்தான் குடத்தோடு நிற்கிறேன். முதல் நாள் பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாம் நாள் ஓமனா அக்கா, "பாவம், ஆபீசுக்குப் போற மனுஷன், வழி விடுங்க" என்று என் குடத்தைத் தூக்கி முன்னால் வைத்தார்கள். சோறு இரண்டு முறை அடிப்பிடித்தது. விறகுத் தொட்டிக்காரன் ஈரவிறகை எடை போட்டுக் கொடுக்கிறான். தண்ணீரையும் விறகு விலைக்கே வாங்குகிறேன். எழுபத்திரண்டு ரூபாய்ச் சம்பளத்தில், வாடகை பதினெட்டு போக, நீ எட்டு மாதம் எப்படிக் குடும்பம் நடத்தினாய்? ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லையே!

நேற்று கடற்கரைக்குப் போனேன். சுண்டல் வாங்கவில்லை. ஓரணா சுண்டலைப் பங்கு வைக்க ஆள் இல்லாவிட்டால் அது அதிகம்.

வீட்டுக்காரர் வந்திருந்தார். பிள்ளையோடு மூன்று பேரானால் தண்ணீர்ச் செலவு கூடுமாம். வாடகை இருபத்தைந்து என்கிறார். பேசிக்கொள்ளலாம், நீ அதைப் பற்றி யோசிக்காதே.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
ஆபேல்

*

தக்கலை
13-1-1953

மரியாதைக்குரிய அத்தானுக்குச் செல்வதாஸ் வணக்கத்துடன் எழுதுவது. அக்கா படுக்கையில் இருந்து சொல்கிறாள், நான் எழுதுகிறேன். தந்தி கிடைத்திருக்கும். எட்டாம் தேதி பெண் குழந்தை. உங்கள் மூக்கு என்று அம்மா சொல்கிறாள். குழந்தையிடம் இன்னும் மூக்கு என்று சொல்லும்படி ஒன்றுமில்லை என்பது என் அபிப்பிராயம்.

அக்கா சொல்வது: "நான் சுகமாக இருக்கிறேன். கவலைப்பட வேண்டாம். பேர் நீங்கள்தான் வைக்க வேண்டும். ஈஸ்டருக்கு ஞானஸ்நானம், கட்டாயம் வர வேண்டும். வந்து நாம் மூன்று பேருமாகத் திரும்பிப் போகலாம்."

இனி எழுதுவது அக்கா சொன்னதல்ல. அவள் தூங்கிவிட்டாள். வீட்டில் வலி இரண்டு நாள் நீண்டது. நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு டாக்சி வைத்துக் கொண்டுபோனோம். அறுவை செய்துதான் எடுத்தார்கள். இந்த வருஷம் மழை பொய்த்து வயலும் கைவிட்டதால், அப்பா கறவைப் பசுவை விற்றார். உங்களுக்கு எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். நான் எழுதமாட்டேன் என்று வாயால் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

கீழ்ப்படிதலுள்ள,
செல்வதாஸ்

*

சென்னை
24-1-1953

பிரியமுள்ள பூங்கனிக்கு,

நீயும் மகளும் நலமாயிருக்கக் கர்த்தரைத் துதிக்கிறேன். மகளுக்கு ஞானசெல்வி என்று பேர் வை. எங்கள் அம்மா தனக்கொரு பெண் பிறந்தால் வைக்க வேண்டுமென்று வைத்திருந்த பேர் அது. பிறந்தது நான்.

இத்துடன் மணியார்டரில் ஐம்பத்துநாலு ரூபாய் அனுப்பியிருக்கிறேன். மாமா எதற்கு என்று கேட்டால், பிள்ளைக்குப் பால் வேண்டுமல்லவா, அந்தப் பசுவையே திரும்ப வாங்கச் சொல். தோல் மண்டியில் முன்பணம் கேட்டேன், முதலாளி தட்டவில்லை. நீ இதைப் பற்றி ஒன்றும் நினைக்க வேண்டாம்.

ஈஸ்டருக்கு வருவது சந்தேகம். மார்ச்சு ஏப்ரலில் தோல் கப்பல் ஏறும் சமயம். டைப்பிஸ்டுக்கு லீவு கிடைக்காது.

கடிதங்களை இனி பெரியமேட்டில் எங்கள் மண்டி விலாசத்துக்கே எழுது. இங்கே தெருவுக்குத் தபால்காரர் மாறியிருக்கிறார், கடிதங்கள் தவறிப் போகின்றன.

அறை அப்படியே இருக்கிறது. காலையில் ஜன்னல் வழியாக வரும் அந்த ஒரு முழ வெயில் இப்போதும் வருகிறது. நீ அதில் அப்பளம் காயவைப்பாய். இப்போது அது சும்மா வந்து சும்மா போகிறது.

அன்புடன்,
ஆபேல்

*

தக்கலை
9-4-1953

அன்புள்ள அத்தானுக்கு,

ஈஸ்டர் வாழ்த்துகள். எல்லாரும் சுகம். ஞானசெல்விக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. தண்ணீர் தெளித்தபோது அழவில்லை, பாதிரியாரின் கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள். கோயிலில் எல்லாரும் உங்களைக் கேட்டார்கள். கப்பல் ஏறுகிற சமயம் என்றேன். பாதிப்பேர் நீங்களே கப்பலேறிப் போய்விட்டதாக நினைத்துக்கொண்டார்கள்.

பசு திரும்பி வந்துவிட்டது. அப்பா உங்களுக்கு எழுதச் சொன்னது: "அவன் நல்லா இருக்கட்டு." அவ்வளவுதான். அவருக்கு அது பெரிய பேச்சு.

பிள்ளைக்கு மூன்று மாதம் முடிந்தது. எப்போது வரட்டும்? இரண்டு கடிதத்தில் கேட்டுவிட்டேன். வாடகை என்ன முடிவாயிற்று? ஓமனா அக்கா எப்படி இருக்கிறார்கள்? அவர்களைப் பற்றி ஜனவரிக்குப் பிறகு நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. மேல்மாடிக் கிழவர் இன்னும் ஆர்மோனியம் வாசிக்கிறாரா? அந்தச் சத்தத்தைத் திட்டிக்கொண்டே நான் சமைப்பேன். இங்கே சத்தமில்லாமல் சமைத்தால் உப்பு மறந்துபோகிறது.

தாணம்மாள் மாமி நேற்று அம்மாவிடம், "பிள்ளைக்கு மூணு மாசம் களிஞ்சாச்சு, மாப்பிள கூப்பிடல்லியா?" என்று கேட்டாள். அம்மா, "வெயிலு தாழட்டுன்னு நாந்தான் நிப்பாட்டியிருக்கேன்" என்றாள். எனக்காக அம்மா பொய் சொன்னது இதுதான் முதல் தடவை.

பதில் உடனே எழுதுங்கள்.

பூங்கனி

*

சென்னை
3-5-1953

பிரியமுள்ள பூங்கனிக்கு,

நலம். பதில் தாமதித்ததற்கு மன்னித்துக்கொள். மகளை நினைக்காத நாளில்லை. மேல்மாடிக் கிழவர் இன்னும் ஆர்மோனியம் வாசிக்கிறார்.

போன மாதத்தோடு டிராம் நின்றுவிட்டது. நம் தெரு முனையில் தண்டவாளம் மட்டும் கிடக்கிறது. நீ முதன்முதலில் டிராமில் ஏறியபோது, நிற்பதற்குள் இறங்கிவிட வேண்டுமென்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தாயே, அது நினைவுக்கு வந்தது. இப்போது எல்லாரும் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். பஸ் கட்டணம் மாதத்துக்குக் கணக்குப் பார்த்தால் ஒரு ஆளின் பால் செலவு. நடந்தால் உடம்புக்கு நல்லது.

இந்த வெயிலில் கைக்குழந்தையோடு நீ வருவது சரியல்ல. குழாயில் தண்ணீர் ஒரு மணி நேரம்தான் வருகிறது. பால் விலையும் ஏறிவிட்டது. அங்கே பசு இருக்கிறது, மாமி இருக்கிறார்கள். ஜூலையில் பார்க்கலாம். இந்த மாதம் இருபது ரூபாய் அனுப்பியிருக்கிறேன்.

மகள் சிரிக்கிறாளா?

அன்புடன்,
ஆபேல்

*

தக்கலை
14-5-1953

அன்புள்ள ஓமனா அக்காவுக்குப் பூங்கனி எழுதுவது. நீங்களும் அண்ணனும் சுகமா? நானும் மகளும் சுகம்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும், மறைக்காமல் எழுத வேண்டும். அவருடைய கடிதத்தைப் பிரித்தால் தோல் வாடை அடிக்கிறது. மண்டியில் இருந்து வரும்போது அவர் சட்டையில் அந்த வாடை உண்டு, ஆனால் வீட்டில் வைத்து எழுதும் காகிதத்தில் எப்படி வரும்? ஓமனா அக்கா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டால் டிராமைப் பற்றி எழுதுகிறார். அவருக்கு என்ன? உடம்பு சரியில்லையா? என் மனது எங்கெல்லாமோ போகிறது.

உங்கள் தங்கை,
பூங்கனி

*

திருவல்லிக்கேணி
29-5-1953

பிரியமுள்ள பூங்கனிக்கு,

எனக்குத் தமிழ் எழுத்து சரியாக வராது என்பது தெரியுமே. நான் சொல்ல என் புருஷன் எழுதுகிறார். அவர் எழுதமாட்டேன் என்றார். எழுதாவிட்டால் அடுப்புப் பற்றவைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நீ பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. ஆபேல் உடம்புக்கும் கேடில்லை, மெலிந்திருக்கிறார். ஆனால் உங்கள் அறை இப்போது உங்கள் அறை இல்லை. ஜனவரியிலேயே காலி செய்துவிட்டார். நெல்லூர்க்காரத் தம்பதி இருக்கிறார்கள், இருபத்தைந்து ரூபாய் கொடுக்கிறார்கள். மூன்று மாத வாடகை அட்வான்சு இருந்ததே, அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு நேரே தபாலாபீசுக்குப் போனார். மண்டி மாடியிலேயே படுக்கை. ஒரு வேளை மெஸ்ஸில் சாப்பிடுகிறார். உன் டிரங்குப் பெட்டியும் பாத்திரங்களும் எங்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை வருவார். குழம்பு கொடுத்தால் சாப்பிடுவார். போகும்போது அந்த அறை வாசலில் கொஞ்ச நேரம் நிற்பார். உனக்கு எழுதக்கூடாது என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். "அவள் கேட்காமல் நான் எழுதவில்லை, கேட்டபிறகு எழுதாமலிருக்க முடியுமா?" என்று அவரிடமும் சொல்லிக்கொள்வேன்.

மோளுக்கு என் முத்தம்.

ஓமனா

*

தக்கலை
22-6-1953

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே மழை தொடங்கிவிட்டது. எல்லாரும் சுகம். மகள் சிரிக்கிறாளா என்று கேட்டிருந்தீர்கள். சிரிக்கிறாள். பசு கத்தினால் சிரிக்கிறாள், செல்வதாஸ் பாடினால் அழுகிறாள்.

என்னோடு ஆசிரியப் பயிற்சி படித்த நேசம்மாளை நினைவிருக்கும். பெரம்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவள் புருஷனுக்கு மதுரைக்கு மாற்றலாகிவிட்டது. அக்டோபரில் அவள் இடம் காலியாகிறது. தலைமை ஆசிரியையிடம் என் பேரைச் சொல்லியிருக்கிறாள். மாதம் நாற்பத்தைந்து ரூபாய்.

கல்யாணத்துக்கு முன் இரண்டு வருஷம் நானும் சாக்பீஸ் பிடித்தவள். கல்யாணத்தன்று அப்பாவிடம், "உங்க மகளை வேலைக்கு அனுப்பிச் சாப்பிடமாட்டேன்" என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. அதனால்தான் மனுப்போடும் முன்னால் உங்கள் சம்மதத்தைக் கேட்கிறேன்.

இனி அந்த அறையைப் பற்றிக் கேட்கமாட்டேன்.

பூங்கனி

*

சென்னை
20-7-1953

என் பூங்கனிக்கு,

அறையைப் பற்றிக் கேட்கமாட்டேன் என்ற அந்த ஒரு வரியை ஒரு மாதமாகச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். உனக்குத் தெரிந்துவிட்டதோ, என்னவோ. தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் நான் சொல்ல வேண்டியதை நான் சொல்லியாக வேண்டும்.

அறை இல்லை, பூங்கனி. ஜனவரி இருபதாம் தேதி காலி செய்துவிட்டேன். முன்பணம் என்று எழுதியது பொய். முதலாளியிடம் கேட்டேன், ஏற்கெனவே வாங்கியதைத் தீர்க்கச் சொன்னார். உன் உயிரைக் காப்பாற்ற உங்கள் அப்பா பசுவை விற்றிருக்கிறார். எனக்கு விற்க ஒரு அட்வான்சுதான் இருந்தது.

ஒன்றிரண்டு மாதத்தில் வேறு இடம் பிடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இந்த ஊரில் அறையை விடுவது எளிது, பிடிப்பது எளிதல்ல என்று அப்போது தெரியவில்லை. ஞாயிறுதோறும் அலைந்தேன். புரசைவாக்கத்தில் முப்பது, சிந்தாதிரிப்பேட்டையில் ஜன்னலே இல்லாத ஒன்று இருபத்தாறு, அதுவும் ஆறு மாத அட்வான்சு. உனக்கு அனுப்புவதும் மண்டிக் கடனுக்குப் பிடிப்பதும் போக என் கையில் நிற்பதை வைத்து அவர்களிடம் பேசவே வாய் வரவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உனக்கு எழுத உட்கார்ந்தால் அந்த அறையில்தான் உட்கார முடிந்தது. நீ அடுப்படியில் இருக்கிறாய், நான் டிரங்குப் பெட்டிமேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். அந்த வெயில், ஆர்மோனியம் எல்லாம் அப்படியே இருந்தது. மண்டி மாடியில் இருந்து எழுதுகிறேன் என்று ஒரு தடவை எழுதிவிட்டால் நாம் இருந்த இடம் ஒன்று இல்லாமலே போய்விடும் என்று பயமாக இருந்தது.

சம்மதம் என்று எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன். மனுப்போடு. வா. நான் உனக்குச் சாப்பாடு போடுவேன் என்று சொன்னேன். எட்டு மாதம் நீதான் போட்டிருக்கிறாய்.

ஆபேல்

*

தக்கலை
4-9-1953

அன்புள்ள அத்தானுக்கு,

எல்லாரும் நலம். வேலைக்கு உத்தரவு வந்துவிட்டது. அக்டோபர் பன்னிரண்டாம் தேதி சேர வேண்டும்.

மே மாதக் கடைசியிலேயே எனக்குத் தெரியும். ஓமனா அக்காவைக் கோபிக்க வேண்டாம், நான்தான் வற்புறுத்திக் கேட்டேன். தெரிந்தும் கேட்காமல் இருந்தது, நீங்களாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக. அதுவரை நாலு மாதக் கடிதங்களையும் எடுத்து வைத்து மறுபடி படித்தேன். வெயிலும் ஆர்மோனியமும் பொய் என்று தெரிந்தும் அந்தக் கடிதங்கள் எனக்குப் பிடித்திருந்தன. அதில்தான் எனக்கு அதிகக் கோபம். காலி செய்யும்போது ஒரு வார்த்தை எழுதியிருந்தால், பெருக்கிக் கொடுக்கச் சொல்லியிருப்பேன். அடுப்புக்குப் பின்னால் நான் கரியால் எழுதிவைத்த பால் கணக்கை அந்த நெல்லூர்க்காரி துடைத்திருப்பாள்.

வீட்டில் சொன்னேன். அப்பா வெற்றிலையை மடித்தார். "ஒனக்க மாப்பிள குடுத்த வாக்கு என்னாச்சு?" என்றார்.

"வாக்கு அவரு குடுத்தது அப்பா. நான் ஒண்ணும் குடுக்கல்லியே" என்றேன்.

அம்மாதான் கரைந்துபோனாள். "பிள்ளைய இஞ்ச விட்டுட்டுப் போ மக்கா. நடக்கப் பழகினப்பெறகு கொண்டு போலாம். நீ பள்ளிக்கூடம் போனா அங்க இதை யாரு பாப்பா?" என்றாள். அவள் சொல்வது நியாயம்தான். பால் செலவு மிச்சம். இரண்டு நாள் நான் அதற்குச் சம்மதித்துக்கூட விட்டேன். மூன்றாம் நாள் மகள் அம்மா மடியில் இருந்துகொண்டு என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விளையாட்டுக்குத்தான். அவளை வாங்கி என் இடுப்பில் வைத்துக்கொண்டேன். உங்களை அவள் இன்னும் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அவளும் வருகிறாள்.

திருவல்லிக்கேணியில் தேட வேண்டாம், எனக்குப் பெரம்பூர் பக்கம் வேண்டும். ஜன்னல் ஒன்று இருந்தால் போதும்.

பூங்கனி

*

பெரம்பூர், சென்னை
8-11-1953

அன்புள்ள அம்மாவுக்கு மகள் பூங்கனி எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் சுகம். உங்கள் முழங்கால் வலியும் அப்பாவின் இருமலும் எப்படி இருக்கின்றன? செல்வதாஸ் இதைப் படித்துக் காட்டுவான். இடையில் சொந்தச் சரக்கைச் சேர்க்காமல் படிக்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்காரர் ததேயுஸ் தேங்காய்ப்பட்டணத்துக்காரர், ரயில்வேயில் வேலை. நம் பேச்சைக் கேட்டதும், "நம்ம ஊரு பிள்ளையளா!" என்று இரண்டு மாத அட்வான்சில் விட்டுவிட்டார். ஓட்டு வீட்டில் ஒரு அறை, சமையலுக்குத் தாழ்வாரத்தில் பாதி. இருபத்திரண்டு ரூபாய். நான் பள்ளிக்கூடம் போனால் அவர் சம்சாரம் தன் பிள்ளையோடு செல்வியையும் பார்த்துக்கொள்கிறாள். அதற்கு நாலு ரூபாய். பால், விறகு, உங்கள் மருமகனுக்கு பஸ் எல்லாம் போனால் இரண்டு சம்பளமும் இருபத்தைந்தாம் தேதிக்குள் தீர்ந்துவிடும் போலிருக்கிறது. மீதி ஐந்து நாளைக்கு மரச்சீனிக் கிழங்கு தேடினேன், இங்கே அதற்கும் விலை.

எழும்பூரில் செல்வி அவரைப் பார்த்ததும் வீரிட்டு அழுதாள். பாவம், புதுச் சட்டை போட்டு, முகம் மழித்து வந்திருந்தார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு என் மூட்டையைத் தூக்கினார். பிறகும் அவர் கிட்டே வந்தாலே அவள் என் சேலைக்குள் புகுந்துகொள்வாள். மூன்று வாரம் இப்படி. மண்டியில் இருந்து வந்ததும் தோல் வாடை போகச் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, தூரத்தில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

போன செவ்வாய்க்கிழமை நான் பள்ளிக்கூடத்துக்கு முன்னதாகப் போக வேண்டியிருந்தது. பிள்ளையை வீட்டுக்காரம்மாளிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்தபோது அவர் முகமே வேறாக இருந்தது. நான் போன பிறகு செல்வி அழுதிருக்கிறாள். அழுது ஓய்ந்ததும் தானாகவே தவழ்ந்து வந்து, அவர் முழங்காலைப் பிடித்து எழுந்து, மடியில் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டாளாம். அவர் அசையவில்லை. ஒன்பதரை பஸ் போயிற்று. பத்து மணி பஸ்ஸும் போயிற்று. அவள் தானாக விழிக்கிறவரை அப்படியே இருந்துவிட்டு, மத்தியானம்தான் மண்டிக்குப் போயிருக்கிறார்.

"முதலாளி ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டேன்.

"அரை நாள் சம்பளத்தப் பிடிச்சிட்டாரு."

"எவ்வளவு?"

"ஒரு ரூவா மூணணா" என்றார். அப்புறம் செல்வியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "இந்தப் பட்டணத்துல நான் எதையும் இவ்வளவு மலிவா வாங்கினதில்ல, பூங்கனி" என்றார்.

எல்லாருக்கும் எங்கள் அன்பு.

உங்கள் மகள்,
பூங்கனி